கருவியின் விலையும் கலைஞரின் மதிப்பும்: திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளையின் வாழ்க்கை

கவிஞருக்குக் கருவிச் செலவு மிகக் குறைவு. ஏடும் எழுதுகோலும் போதும்; அவையும் கிட்டாதபோது நினைவையே ஏடாகக் கொண்டு பாடியவர் நம் மரபில் பலர். இசைக் கருவியாளரின் நிலை அத்தகையதன்று. முதல் சுரம் பிறக்குமுன்னரே அவர் பொருள் தேடியாக வேண்டும். வாங்கும் கருவி தாழ்ந்ததாயின் எத்துணைப் பயிற்சியும் ஓரளவிற்குமேல் பயன்தராது. உயர்ந்ததாயின் அதற்கு ஈடுசெய்யும் வருவாய் வேண்டும். அவ்வருவாயைத் தர வேண்டியது யார் என்னும் வினாவிற்குத் தம் வாழ்நாள் முழுவதையுமே விடையாக்கியவர் நாகசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை ஆவார்.

பிறப்பும் பயிற்சியும்

இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்த திருமருகலில் 1898ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் குப்புசாமிப் பிள்ளை, கோவிந்தம்மாள். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். இளமையிலேயே தந்தையை இழந்த அவரை, தாய்மாமனும் நாகசுர வித்துவானுமான திருமருகல் நடேச பிள்ளை தம் மகனாக ஏற்றுக்கொண்டார். இராசரத்தினம் என்னும் பெயர் பின்னர் அமைந்தது.

அவர் முதலில் பயின்றது வாய்ப்பாட்டே. பிடில் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணையரிடம் இளம்பருவத்திலேயே இசை கற்றார். நாகசுரத்தை அம்மாசத்திரம் கண்ணுசாமிப் பிள்ளையிடம் பயின்றார். பாட்டில் ஊறிய பின்னரே கருவியைக் கையில் எடுத்தமையால், குரலில் எளிதாக நிகழும் குழைவுகளையெல்லாம் கருவியிலும் எதிர்பார்த்தார். கையிலிருந்த கருவியோ அவ்வெதிர்பார்ப்பிற்கு முழுமையாக இடங்கொடுக்கவில்லை. பிற்காலத்தில் அவர் வேறு கருவியை நாடியதற்கு வேர் இங்கேதான் உள்ளது எனலாம்.

திமிரியும் பாரியும்

அந்நாளில் பெருவழக்காக இருந்தது திமிரி நாகசுரம். அது குட்டையானது, நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் ஒலிப்பது. சுவாமி புறப்பாட்டில் நான்கு வீதிகளுக்கும் எட்டவேண்டிய ஒலிக்கு அவ்வுயர்ந்த சுருதி தேவையாயிருந்தது. எனினும் சுத்த மத்திமம் அதில் எளிதில் பிடிபடாது. உதட்டின் அழுத்தத்தாலும் மூச்சின் அளவாலும் அதனை வருவிக்க வேண்டும். தோடியை உயிராகக் கொண்ட கலைஞருக்கு இது சிறு குறையன்று. தோடியில் சுத்த மத்திமம் தவிர்க்க இயலாத சுரம்.

இக்குறையை நீக்கியவர் நரசிங்கன்பேட்டை ரங்கநாத ஆசாரி. கும்பகோணத்திற்கும் மயிலாடுதுறைக்கும் இடையில், திருவாவடுதுறைக்கு அண்மையில் உள்ள சிற்றூர் நரசிங்கன்பேட்டை. அங்கே அவர் துளைகளின் இடத்தையும் உட்கூட்டின் அளவையும் திருத்தி, சுத்த மத்திமம் தெளிவாக ஒலிக்கும் பாரி நாகசுரத்தை உருவாக்கினார். அது நீளமானது, இரண்டு, இரண்டரைக் கட்டை அளவிலான தாழ்ந்த சுருதியுடையது, ஒலி கனமும் குழைவும் கொண்டது. அதனை ஏற்று, மேடையில் நிலைபெறச் செய்தவர் இராசரத்தினம்.

விலையில் அடங்கியவை

நாகசுரத்தின் உடற்பகுதி உலவு எனப்படும். கீழே விரிந்த வாய்ப்பகுதி அணசு. மேலே கெண்டை, அதில் பொருத்தப்படுவது சீவாளி. உலவிற்கு உகந்தது ஆச்சா மரம். அதிலும் புதிதாக வெட்டிய மரம் உதவாது. ஈரம் முற்றும் வற்றி, பல்லாண்டு முதிர்ந்த மரமே வேண்டும். ஆதலால் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூண்களையும் உத்திரங்களையும் தேடி வாங்குவர். நெடுங்காலம் கூரையைத் தாங்கிய மரமே பின்னர் இராகத்தைத் தாங்குகிறது. ஆச்சா மாரண்டஹள்ளிப் பகுதியினர் அறியாத மரமன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் வறண்ட காடுகளிலும் அது வளர்கிறது. நீர் குறைந்த நிலத்தில் மெல்ல வளர்ந்து இறுகும் அம்மரத்தின் உறுதியே காவிரிக் கரையின் இசைக்கு உடலாயிற்று.

மரம் கிடைத்தபின் கடைசற் பட்டறையில் வேலை தொடங்கும். உள்துளை மேலிருந்து கீழாகச் சீராக விரிய வேண்டும். விரல்கள் ஆளும் துளைகள் ஏழு; கீழ்ப்பகுதியில் சுருதியை நெறிப்படுத்தும் துளைகள் ஐந்து. ஒரு துளை மயிரிழை பிசகினும் மரம் வீணாகும். ஆகவே வாங்குவோர் கொடுக்கும் விலையில் மரத்தின் பங்கு சிறிது. பிழையின்றிக் கடையும் கைக்கு உரிய பங்கே பெரிது.

கருவியை மாற்றும் கலைஞருக்குச் செலவு இத்துடன் முடிவதில்லை. உடன் வாசிப்பவரின் நாகசுரமும் அதே சுருதியில் அமைய வேண்டும். சுருதிக் கருவியும் அதற்கு இசைய வேண்டும். சீவாளியும் வேறு அளவினதாக வேண்டும். காவிரிக் கரையில் விளையும் கொறுக்கைத் தட்டையால் செய்யப்படும் சீவாளி நீண்ட நாள் உழைப்பதன்று. அது ஓயாத செலவு. இவற்றினும் பெரியது, பழகிய விரல்களையும் மூச்சையும் புதிய இடைவெளிகளுக்குப் பழக்குவது. ஊரறிந்த வித்துவான் ஒருவர் தமக்குப் புகழ் தந்த கருவியை விட்டு நீங்குவதற்குத் துணிவும் வேண்டும்.

பிடிலின் நிலை வேறு. இத்தாலிய மேதை ஸ்டிராடிவாரி 1721இல் செய்த பிடில் ஒன்று, 2011இல் சப்பானிய ஆழிப்பேரலை நிவாரணத்திற்காக 1 கோடியே 59 இலட்சம் டாலருக்கு விற்பனையாயிற்று. ஆண்டுகள் ஏற ஏற விலை ஏறும் சொத்து அது. நாகசுரமோ எச்சில் ஈரமும் வெப்பமும் பட்டுத் தேய்வது, வெடிப்பதும் உண்டு. அதனை வாங்குவது பொருளைச் சேமிக்கும் வழியன்று. வாசிக்கும் காலத்தில் அது தரும் இசையே அதன் விலைக்கு உரிய ஒரே நியாயம்.

சன்மானமும் தன்மானமும்

அந்நியாயத்தை இராசரத்தினம் நாதத்தால் நிலைநாட்டினார். தோடி இராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசித்தார். அவருடைய தோடி இசைத்தட்டு தமிழகமெங்கும் ஒலித்தது. தவில் மேதை நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு இணையாக வாசித்த கச்சேரிகள் நெடுங்காலம் பேசப்பட்டன. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939இல் தொடங்கிற்று. வானொலிக்கும் ஒலிபெருக்கி வைத்த மேடைக்கும், வீதியை நிறைத்த திமிரியைவிடப் பாரியின் தாழ்ந்த கனத்த ஒலியே பொருந்திற்று எனலாம். 1940இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய காளமேகம் திரைப்படத்தில் அவர் தலைமைப் பாத்திரமேற்று நடித்தார்.

எனினும் நாதத்தை வியந்த சமூகம் நாதம் தந்தவரை உரிய இடத்தில் வைக்கவில்லை. நாகசுரக் கலைஞர்கள் மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடியோ நடந்தபடியோ வாசிப்பதே வழக்கமாயிருந்தது. பாட்டுக் கச்சேரிக்கு மேடை இருந்தது. இவர்களுக்குத் திண்ணையும் தெருவும் இருந்தன. சன்மானமும் அதற்கேற்பவே அமைந்தது. கோயிற் படித்தரத்தையும் திருமண வீட்டாரின் மனத்தையும் நம்பி வாழ்ந்த கலைஞரால் உயர்ந்த கருவியை எவ்வாறு வாங்க இயலும்? தாழ்ந்த கருவியால் வாசிப்பு குறையும். வாசிப்பு குறைந்தால் சன்மானமும் குறையும். பல குடும்பங்கள் இச்சுழலிலேயே உழன்றன.

இராசரத்தினம் இதனை எதிர்த்தார். கிராப்பு வைத்துக்கொண்டார், ஷெர்வானி அணிந்தார், மேடையில் அமர்ந்து வாசித்தார், ஒத்துக்கு மாற்றாகத் தம்பூராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டார். உயர்ந்த சன்மானத்தைக் கேட்டுப் பெற்றார். செருக்கு என்று பலர் பழித்தனர். அச்செருக்கில் தனிமனிதரின் இயல்பு ஓரளவு கலந்திருக்கலாம். ஆயினும் அவர் கேட்ட விலை தமக்கு மட்டும் கேட்டதன்று. கருவிக்கும், அதனைக் கடைந்த கைக்கும், பின்வரும் கலைஞர்க்கும் சேர்த்துக் கேட்டது என்பதை அவருக்குப் பின் வந்தோர் பெற்ற மதிப்பு மெய்ப்பித்தது.

1947 ஆகஸ்டு 14ஆம் நாள், நேருவிடம் செங்கோல் வழங்கத் திருவாவடுதுறை ஆதீனத்தின் சார்பில் தில்லி சென்ற குழுவில் அவரும் இடம்பெற்றார். தெருவில் நின்று ஒலித்த கருவி, நாடு விடுதலை பெறும் இரவில் தலைநகரில் ஒலித்தது.

இறுதியும் எச்சமும்

கருவிக்கு விலை கேட்டுப் பெற்ற அவர், பெற்றதைச் சேர்த்துவைத்தாரல்லர். வந்த பொருள் வந்தவாறே செலவாயிற்று. 1956 டிசம்பர் 12ஆம் நாள் சென்னையில் அவர் மறைந்தபோது புகழுக்கு ஈடான செல்வம் எஞ்சியிருக்கவில்லை. தமக்கு வேண்டிய பாதுகாப்பை அவர் தேடிக்கொள்ளவில்லை என்பது அவர் வாழ்வின் குறையே. அதனை மறைப்பதால் அவருக்குப் பெருமை கூடிவிடாது. எஞ்சியது வழி. அவர் மாணவர் காருகுறிச்சி அருணாசலம் பாரி நாகசுரத்தோடு அவ்வழியில் நடந்து, 1964இல் மறையும்வரை தமிழகத்தின் உள்ளத்தை ஆண்டார். இன்று மேடைகளில் ஒலிப்பது பெரும்பாலும் பாரியே.

நரசிங்கன்பேட்டை நாகசுரத்திற்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காப்பு வந்துவிட்டது. தொழிலைச் செய்வோர் சில குடும்பத்தினரே. முதிர்ந்த ஆச்சா மரமும் அரிதாகி வருகிறது. திருமணத்திற்கு நாகசுரம் பேசும்போது பந்தலுக்கும் விருந்துக்கும் கணக்குப் பாராதவர்கள் மேளக்காரரிடம் மட்டும் பேரம் பேசுவதைத் தருமபுரியிலும் காணலாம், தஞ்சையிலும் காணலாம். அங்கே குறைக்கப்படும் தொகை, பட்டறையில் மரம் வாங்கும் கையையும், புதிய கருவிக்காகக் காத்திருக்கும் இளைஞரின் மூச்சையும் சென்று தாக்குகிறது. நல்ல கருவியின் செலவைக் கலைஞர் ஒருவரே சுமக்க இயலாது. கேட்டு மகிழ்வோரும் அதில் பங்கேற்க வேண்டும். இதனை உரத்துக் கேட்கும் உரிமையை நாகசுரக் கலைஞர்க்கு ஈட்டித் தந்தவர் இராசரத்தினம் பிள்ளை.