தொப்பி பின்னிய கைதி

ஊசிக்கலையின் வரலாற்றை எழுதுவோர் பட்டிலே பூத்தையல் இட்ட விரல்களையே பெரிதும் போற்றுவர். வயிற்றுப்பாட்டுக்காகத் தொப்பி பின்னிய விரல்கள் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. றொபேட் நொக்ஸின் விரல்கள் அத்தகையன.

1641இல் லண்டன் மாநகரிற் பிறந்தவர் நொக்ஸ். கிழக்கிந்தியக் கும்பினியின் பொருட்டு அவர் தந்தை செலுத்தி வந்த 'ஆன்' என்னும் கப்பல், 1659இல் மசூலிப்பட்டினத்துப் புயலிற் பாய்மரம் இழந்தது. அதனைச் செப்பனிடத் திருகோணமலையை அடுத்த கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டனர். 1660இல் கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் தந்தையையும் மகனையும் மாலுமிகள் சிலரையும் சிறைப்பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுசென்றனர். மறு ஆண்டே தந்தை காய்ச்சலால் இறந்தார். இருபது வயது மகன் தனித்து நின்றார்.

அரசாணைப்படி ஊரார் உணவளித்தனர், உடைக்குத்தான் வழியில்லை. அந்நிலையிற் கைகொடுத்தது தொப்பிப் பின்னல். பின்னியவற்றை ஊரூராகக் கொண்டுசென்று விற்றார். ஒருநாள் முதியவர் ஒருவர் ஆங்கில விவிலியம் ஒன்றைக் காட்டினார். கைப்பொன்னையும் கொடுத்து அதனைப் பெறத் துணிந்த நொக்ஸுக்கு, ஈற்றில் அது ஒரு பின்னல் தொப்பிக்கே கிடைத்தது!

விற்பனை நடை நாட்டின் வழிகளையும் கற்பித்தது. 1679இல் தோழர் ஸ்டீபன் ரட்லண்டுடன் சிறுவணிகர் கோலத்திற் புறப்பட்டு, அனுராதபுரத்துக் காடுகளைக் கடந்து, அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். இலங்கையைப் பற்றிய அவரது நூல் 1681இல் லண்டனில் வெளிவந்தது. அக்காலக் கண்டி நாட்டு வாழ்வை அறிய விழைவோர் இன்றும் அதனை நாடுகின்றனர். 1720இல் அவர் மறைந்தார்.

தொப்பிக்கு எடுத்த நூலே இந்நூலுக்கும் வழி திறந்தது எனலாம்.