வீரமாமுனிவர்

வீரமாமுனிவர் (நவம்பர் 8, 1680 – பெப்ரவரி 4, 1747) இத்தாலி நாட்டில் பிறந்து தமிழகத்தில் பணியாற்றிய இயேசு சபைத் துறவியும் தமிழறிஞரும் ஆவார். இவரது இயற்பெயர் கொஸ்தான்சோ ஜுசேப்பே பெஸ்கி. தம் பெயரில் இருந்த யோசேப்பு என்னும் எபிரேயப் பெயருக்குத் தமிழ் வடிவம் தந்து, அதனைத் தாங்கியவரைக் காப்பியத் தலைவர் ஆக்கியவர் இவர்.

வாழ்க்கை

மாந்துவாப் பகுதியிலுள்ள காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார். 1710இல் கோவாவை அடைந்து, அங்கிருந்து மதுரை மறைப்பணித் தளத்திற்கு வந்தார். கொள்ளிடத்தின் வடபுறத்தில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஏலாக்குறிச்சியில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். 2007இல் அரியலூர் தனி மாவட்டமாகும் வரை இவ்வூர் பெரம்பலூர் மாவட்டத்தில் இருந்தது. இவ்வூருக்குத் திருக்காவலூர் எனப் பெயரிட்டு, திருக்காவலூர்க் கலம்பகத்தைப் பாடினார். இங்குள்ள அடைக்கல மாதா ஆலயம் இவரோடு தொடர்புடையது.

பெயர்கள்

கொஸ்தான்சோ என்பது மனவுறுதி உடையவர் எனப் பொருள்படும். எனவே முதலில் தைரியநாதர் என்றும், பின்னர் வீரமாமுனிவர் என்றும் அழைக்கப்பட்டார்.

ஜுசேப்பே என்பது யோசேப்பின் இத்தாலிய வடிவமாகும். எபிரேய மொழியில் இப்பெயர் சேர்த்தல், பெருகச் செய்தல் என்னும் பொருளைத் தரும். நெடுநாள் பிள்ளையின்றி வருந்திய ராகேல், தலைமகனைப் பெற்றபோது இன்னொரு மகனையும் இறைவன் சேர்த்துத் தர வேண்டி இப்பெயரிட்டதாகத் தொடக்க நூல் கூறுகிறது. சகோதரர்களால் விற்கப்பட்டு, எகிப்தில் உயர்நிலை அடைந்தவர் இவரே. இயேசுவின் வளர்ப்புத் தந்தையும், இயேசுவை அடக்கம் செய்த அரிமத்தியா ஊரினரும் இப்பெயரைத் தாங்கியவர்கள். பர்னபாவின் இயற்பெயரும் இதுவே.

தமிழ்க் கத்தோலிக்கரிடையே இப்பெயர் போர்த்துக்கேய மொழி வழியாகச் சூசை என வழங்கியது. அதன் ஒலி தமிழுக்கு வந்தாலும் பொருள் வரவில்லை. வீரமாமுனிவர் பொருளைக் கொண்டு வளன் என்னும் பெயரை அமைத்தார்.

தேம்பாவணி

வளனைத் தலைவராகக் கொண்ட தேம்பாவணி 1726இல் நிறைவுற்றது. இது 3 காண்டங்களும் 36 படலங்களும் 3,615 பாடல்களும் உடையது. விவிலியத்தில் சில இடங்களில் மட்டுமே குறிப்பிடப்படும் சூசையப்பரின் வாழ்வை இது முழுமையாகப் பாடுகிறது. காப்பிய மரபின்படி நாட்டு வளத்தையும் நகர் வளத்தையும் விரிப்பதால், யூதேயாவும் எருசலேமும் தமிழ் நிலமாகவே காட்சியளிக்கின்றன.

பிற பணிகள்

தொன்னூல் விளக்கம், சதுரகராதி, பரமார்த்த குருவின் கதை ஆகியனவும் இவருடைய நூல்களாகும். எகர, ஒகரக் குறில் நெடில்களை வேறுபடுத்தும் எழுத்துச் சீர்திருத்தமும் இவர் செய்ததே. கேரளத்தின் அம்பழக்காட்டில் காலமானார். 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் இவருக்குச் சிலை வைக்கப்பட்டது. வளன், வளனார் என்னும் பெயர்கள் தமிழ்க் கிறித்தவர்களிடையே இன்றும் வழங்குகின்றன.