ஒரே இன்ஜின், 47 வருஷம்: பர்ட் மன்ரோவின் கதை



நம்ம காலேஜ்ல படிக்கிற பாதிப் பேருக்கு மனசுக்குள்ள ஒரு ஆசை இருக்கும். வீட்டு ஷெட்ல ஒரு பழைய வண்டிய நிறுத்தணும். இன்ஜினை நம்ம கையாலயே பிரிக்கணும். தேய்ஞ்ச பாகத்தை மாத்தி, திரும்பக் கோர்த்து, கம்பெனியில இருந்து வந்தப்ப ஓடினதைவிட வேகமா ஓட வைக்கணும். நிறையப் பேர் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்து, திரும்ப மாட்டத் தெரியாம மெக்கானிக்கைக் கூப்பிடுவதோட இந்த ஆசை முடிஞ்சிடும். தப்பில்லை. ஆனா அந்த வேலையை ஒரே வண்டியில், ஒரே இன்ஜினில், 47 வருஷம் விடாமல் செய்த ஒருத்தர் இருந்தார். பெயர் பர்ட் மன்ரோ. இந்த இதழில் அவர் கதையைத்தான் பார்க்கப் போறோம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். இவரைப் பற்றி 2005ல் வந்த படத்தின் பெயர் 'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இந்தியன்'. அந்தோணி ஹாப்கின்ஸ் நடித்தது. பெயரைப் பார்த்து நம்ம ஊர் ஆள்னு நினைச்சுடாதீங்க. மன்ரோ நியூசிலாந்துக்காரர். 'இந்தியன்' என்பது அவர் ஓட்டிய பைக்கின் பிராண்டு. அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் செய்யப்பட்ட வண்டி அது.

21 வயசுல வாங்கிய வண்டி

ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்ரோ பிறந்தது 1899 மார்ச் 25ஆம் தேதி, நியூசிலாந்தின் தென்கோடி நகரமான இன்வர்கார்கிலில். இரட்டைக் குழந்தைகளில் ஒருவர். கூடப் பிறந்த தங்கை பிறப்பிலேயே இறந்துவிட்டாள். இந்தப் பையனும் ரெண்டு வயசைத் தாண்ட மாட்டான்னு டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். அவர் 78 வயசு வரைக்கும் இருந்தார்.

அப்பா விவசாயி. பையனுக்கோ பண்ணை வேலையில் மனசு ஒட்டவில்லை. வேகமாக ஓடும் எதைப் பார்த்தாலும் கண் அங்கேயே நின்றுவிடும். முதல் உலகப் போர் முடிந்த சமயத்தில் ஒட்டிரா ரயில் சுரங்கப்பாதை கட்டும் இடத்தில் கொஞ்ச நாள் வேலை செய்தார். வீட்டில் கூப்பிட்டதும் பண்ணைக்கே திரும்பி வந்தார்.

1920ல் ஒரு இந்தியன் ஸ்கவுட் பைக்கை வாங்கினார். அப்போது அவருக்கு வயசு 21. அதாவது, இதைப் படிக்கும் ஃபைனல் இயர் ஆட்களின் வயசு. 600 சிசி, வி-ட்வின் இன்ஜின். கம்பெனி கொடுத்த அதிகபட்ச வேகம் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 89 கிலோமீட்டர். இன்னைக்கு நம்ம பார்க்கிங்ல நிக்கிற 100 சிசி வண்டிகூட அந்த வேகத்தை எட்டிடும்.

அந்த வண்டியை அவர் கடைசி வரை மாற்றவே இல்லை. மாறாக, அதற்குள் இருந்த பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றினார்.

கையில் காசு இல்லாத மெக்கானிக்

மன்ரோ ஆஸ்திரேலியாவில் கொஞ்ச காலம் ரேஸ் ஓட்டினார். 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சி தொடங்கிய நேரத்தில் ஊருக்குத் திரும்பி, பைக் விற்பனையாளராகவும் மெக்கானிக்காகவும் வேலைக்குச் சேர்ந்தார். பகலில் மற்றவர்கள் வண்டி, ராத்திரியில் தன் வண்டி. பல நாள் விடிய விடிய ஷெட்டில் வேலை செய்துவிட்டு, தூங்காமலேயே காலையில் வேலைக்குப் போவார்.

ரேஸ் பாகங்களை வெளியில் ஆர்டர் கொடுத்துச் செய்ய அவரிடம் பணம் இல்லை. அதனால் தானே செய்தார். பழைய தகர டின்களை அச்சாக வைத்து, அலுமினியத்தை உருக்கி ஊற்றி பிஸ்டன் வார்த்தார். பூமிக்கடியில் பதித்திருந்த பழைய வார்ப்பிரும்பு கேஸ் குழாய்களை எடுத்துக் கடைந்து சிலிண்டர் ஆக்கினார். கேட்டர்பில்லர் டிராக்டரின் அச்சுத்தண்டை வெட்டி, கையாலேயே ராவி, கனெக்டிங் ராடு செய்தார். ஃப்ளைவீலும் சொந்தத் தயாரிப்பு. அளவு பார்க்க மைக்ரோமீட்டருக்குப் பதிலா ஒரு பழைய சக்கர ஸ்போக்!

மெட்டலர்ஜி பேப்பர் எழுதினவங்க இந்த கனெக்டிங் ராடு விஷயத்தை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. எஃகைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் கடினமாகும், ஆனால் கண்ணாடி மாதிரி உடையும். அதனால் மறுபடி மிதமாகச் சூடாக்கி டெம்பர் செய்ய வேண்டும். கடினத்தன்மை கொஞ்சம் குறைந்து, தாங்கும் சக்தி வரும். நாம் லேபில் ஃபர்னஸில் வைத்து, டெம்பரேச்சரை டிஸ்ப்ளேயில் பார்த்துச் செய்யும் இந்த வேலையை அவர் ஷெட்டில் செய்து பழகினார்.

பெரிய ஆபரேஷன்

இப்போ மெயின் மேட்டருக்கு வருவோம். இந்தியன் ஸ்கவுட்டின் இன்ஜின் சைடு வால்வு வகை. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும். கலவை உள்ளே போகணும்னா பக்கத்திலிருந்து ஏறி, வளைந்து, பிறகுதான் பிஸ்டன் தலைக்கு மேல் போய்ச் சேரும். எரியும் அறையும் அகலமாக இருக்கும் என்பதால் கம்ப்ரெஷன் ரேஷியோவை ரொம்ப உயர்த்த முடியாது. சாதுவாக ஓட நல்ல அமைப்பு. வேகத்துக்குச் சரிப்படாது.

மன்ரோ அதை ஓவர்ஹெட் வால்வு இன்ஜினாக மாற்றினார். சிலிண்டர் ஹெட் புதுசு, வால்வு இயங்கும் முறை புதுசு. ரெண்டு கேம் இருந்த இடத்தில் நாலு கேம். இது 'ரிப்பேர்' என்ற சொல்லுக்குள் அடங்காது. கிரேங்க்கேஸ் மட்டும் பழசு, அதன் மேல் உட்கார்ந்திருப்பது வேறொரு இன்ஜின்.

இங்கேதான் நாம் கத்துக்க வேண்டிய முதல் பாடம் இருக்கு. ஒரு இன்ஜினில் ஒரு பாகத்தை மட்டும் தனியாகப் பலப்படுத்த முடியாது. நல்லா மூச்சு விடும் ஹெட் வந்தால் சக்தி கூடும். சக்தி கூடினால் பிஸ்டனுக்கு அழுத்தமும் வெப்பமும் கூடும். ஆர்பிஎம் இரண்டு மடங்கானால் கனெக்டிங் ராடு மேல் வரும் இனெர்ஷியா விசை நாலு மடங்காகும். ராடை பலமாக்கினால் அடுத்து கிளட்ச் வழுக்கும். கிளட்சைச் சரி செய்தால் செயின் அறுபடும். சங்கிலியில் எது பலவீனமான கண்ணியோ அது தன்னைக் காட்டிக் கொடுக்கும். அதைச் சரி செய்ததும் அடுத்தது வரிசையில் வந்து நிற்கும். மன்ரோவின் 47 வருஷமும் இந்த வரிசையில்தான் போனது. கடைசிக் காலத்தில் அந்த வண்டியில் மூன்று செயின்கள் கொண்ட டிரைவ் இருந்தது.

எத்தனையோ தடவை இன்ஜின் வெடித்தது. உடைந்த பிஸ்டன், வளைந்த ராடு, சிதறிய வால்வு எதையும் அவர் குப்பையில் போடவில்லை. ஷெட்டில் ஒரு அலமாரி வைத்து, அதில் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினார். வேகக் கடவுளுக்குக் காணிக்கை என்று அதன் மேல் எழுதியும் வைத்தார். கிண்டலாக எழுதியது போலத் தெரியும். ஆனால் ஒரு இன்ஜினியருக்கு அதைவிட நல்ல லைப்ரரி கிடையாது. எந்த இடத்தில் விரிசல் தொடங்கியது, எந்தப் பக்கம் உருகியது, எது நசுங்கியது என்பதெல்லாம் அந்த உடைந்த துண்டிலேயே எழுதியிருக்கும். படிக்கத் தெரிந்தவருக்கு அதுதான் அடுத்த டிசைனின் முதல் பக்கம்.

கடற்கரையிலிருந்து உப்புத் தரைக்கு

இன்வர்கார்கில் அருகே ஒரெட்டி என்று நீண்ட கடற்கரை உண்டு. அங்கேதான் அவர் வண்டியை ஓட்டிச் சோதித்தார். 1938ல் முதல் முறையாக ஒரு நியூசிலாந்து சாதனை படைத்தார். பிறகு இன்னும் ஏழு தேசிய சாதனைகள்.

அடுத்து அவர் கண் போன இடம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் பான்வில் உப்புச் சமவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை வெளேர் என்று தட்டையான உப்புத் தரை. வேகச் சாதனைக்காரர்களுக்கு அது கோயில் மாதிரி. ஆனால் அங்கே ரெண்டு சிக்கல். உப்பில் டயருக்குப் பிடிமானம் தார் ரோடு அளவுக்குக் கிடைக்காது. அப்புறம், அந்த இடம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,280 மீட்டர் உயரம். காற்று மெலிசு. கடற்கரையில் ட்யூன் செய்த கார்புரேட்டர் அங்கே போனால் பெட்ரோலை அதிகமாகவும் காற்றைக் குறைவாகவும் கொடுக்கும்.

மன்ரோ மொத்தம் 10 தடவை அங்கே போனார். முதல் தடவை சும்மா சுற்றிப் பார்க்க. மீதி 9 தடவை ஓட்ட. அந்த ஒன்பதில் உலக சாதனை கிடைத்தது மூன்று தடவைதான். கடல் கடந்து போன ஆறு பயணங்களில் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். அதையும் சேர்த்துத்தான் அவர் கதை.

1962ல், 63 வயசில், இன்ஜினை 850 சிசிக்குப் பெரிதாக்கி மணிக்கு சுமார் 288 கிலோமீட்டர் ஓட்டினார். 1966ல் 920 சிசி, சுமார் 270 கிலோமீட்டர். வேகம் குறைந்தது போலத் தெரிந்தாலும் அது 1000 சிசி பிரிவு, அதாவது வேறு வகுப்பு. 1967ல் 950 சிசி. அந்த ஆண்டு தகுதி ஓட்டத்தில், ஒரு திசையில் மட்டும், மணிக்கு 305.89 கிலோமீட்டர். சாதனைக்கான கணக்கில் பதிவானது சுமார் 295. அப்போது அவருக்கு 68 வயசு, வண்டிக்கு 47 வயசு.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்க. காற்றின் எதிர்ப்பைத் தாண்டத் தேவையான சக்தி, வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 89லிருந்து 296க்குப் போவது 3.3 மடங்கு வேகம். வடிவத்தை மாற்றாமல் விட்டால் சக்தி ஏறக்குறைய 37 மடங்கு வேண்டும்! 600 சிசியை 950 ஆக்கினால் மட்டும் அது நடக்காது. அதனால்தான் வண்டியைச் சுற்றி மீன் வடிவத்தில் ஒரு கூடும் செய்தார். சக்தியைக் கூட்டுவது பாதி வேலை, காற்றை ஏமாற்றுவது மீதிப் பாதி.

47 வருஷம் கழித்து வந்த திருத்தம்

சாதனை ஓட்டம் என்றால் ஒரு திசையில் ஓட்டினால் போதாது. திரும்பி எதிர்த் திசையிலும் ஓட்டணும். காற்று ஒரு பக்கம் தள்ளியிருந்தால் அந்த லாபம் கழிந்துவிடும். ரெண்டின் சராசரிதான் சாதனை.

1967ல் அந்தச் சராசரிக் கணக்கில் ஒரு பிழை நடந்திருந்தது. யாரும் கவனிக்கவில்லை. மன்ரோவின் மகன் ஜான் பல ஆண்டுகள் கழித்து அதைக் கண்டுபிடித்துச் சொல்ல, அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கம் 2014ல் பதிவைத் திருத்தியது. மணிக்கு 183.586 மைல் என்று இருந்தது 184.087 மைல் ஆனது, அதாவது 296.26 கிலோமீட்டர். வண்டி வாங்கியதிலிருந்து சாதனை வரை 47 வருஷம். சாதனையிலிருந்து சரியான எண் வரும் வரை இன்னொரு 47 வருஷம். வைவாவில் கால்குலேட்டரை அவசரமா அமுக்குற நண்பர்கள் இதைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க.

அவர் கொடுத்த விலை

இந்த மாதிரிக் கதைகளில் வெற்றியை மட்டும் சொல்லிட்டுப் போயிடுவாங்க. அது நியாயம் இல்லை. மன்ரோவுக்கு மனைவியும் நாலு குழந்தைகளும் இருந்தார்கள். 1940களில் அந்தத் திருமணம் முறிந்தது. பிறகு வேலையையும் விட்டுவிட்டு, ஷெட்டையே வீடாக்கிக்கொண்டு வாழ்ந்தார். பல முறை விழுந்து அடிபட்டார். 1950களின் கடைசியிலிருந்து நெஞ்சுவலி நோயும் இருந்தது. அதோடுதான் 300 கிலோமீட்டர் வேகத்தில் படுத்தபடி ஓட்டினார். இதெல்லாம் நாம காப்பியடிக்க வேண்டியது இல்லை. ஒரு ஆசைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற கேள்விக்கு ஒவ்வொருத்தரும் தனித்தனியாகத்தான் பதில் தேடணும்.

1977ல் பக்கவாதம் வந்தது. கையும் காலும் முன்போல் ஒத்துழைக்கவில்லை. வண்டிகள் தன் ஊரை விட்டுப் போகக் கூடாது என்று நினைத்து, உள்ளூர் வியாபாரி ஒருவரிடமே விற்றார். 1978 ஜனவரி 6ஆம் தேதி இறந்தார். அந்த இந்தியன் இன்றைக்கும் இன்வர்கார்கிலில், ஒரு ஹார்டுவேர் கடைக்குள் நிற்கிறது. ஆணி வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

நமக்கு என்ன?

வீட்டில் அலுமினியம் உருக்கிப் பாருங்கன்னு நான் சொல்லலை. ஈரம் பட்ட அச்சில் உருகிய உலோகத்தை ஊற்றினால் அது தெறித்து முகத்துக்கே வரும். அதுக்கு ஃபவுண்டரி லேப் இருக்கு, கண்ணாடியும் கையுறையும் இருக்கு, அருகில் நிற்க ஆள் இருக்கு.

நான் சொல்ல வர்றது வேற. ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு முந்தின நாள் உடைஞ்ச பாகத்தை நாம என்ன செய்றோம்? யாருக்கும் தெரியாம தூக்கிப் போட்டுட்டு, ஆன்லைன்ல புதுசு ஆர்டர் பண்றோம். ரிப்போர்ட்ல அது உடைஞ்சதாகவே எழுதுறது இல்லை. அடுத்த வருஷம் ஜூனியர் பசங்க அதே டிசைனை எடுத்து, அதே இடத்துல உடைக்கிறாங்க.

உங்க லேப்ல ஒரு அலமாரித் தட்டை மட்டும் காலி பண்ணுங்க. உடைஞ்ச கியர், எரிஞ்ச மோட்டார், வளைஞ்ச ஷாஃப்ட், விரிசல் விட்ட 3டி பிரிண்ட் எல்லாத்தையும் அதுல வைங்க. ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு: என்னைக்கு உடைஞ்சது, எவ்வளவு லோடுல, ஏன்னு நினைக்கிறீங்க. காசு செலவு இல்லை, அனுமதி வாங்க ஒரு லெட்டர் போதும். எங்க பேட்ச் கிளம்பறதுக்குள்ள எங்க டிபார்ட்மெண்ட்ல இதை ஆரம்பிச்சுடலாம்னு இருக்கோம். முதல் தட்டுல வைக்க எங்ககிட்ட ஏற்கனவே நிறைய இருக்கு. உங்ககிட்ட இருக்கறதையும் கொண்டு வாங்க.