ஜான் பிரௌனிங்

ஜான் மோசஸ் பிரௌனிங் (சனவரி 23, 1855 – நவம்பர் 26, 1926) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த துப்பாக்கி வடிவமைப்பாளர் ஆவார். தம் வாழ்நாளில் 128 காப்புரிமைகளைப் பெற்றார். ஷாட்கன் எனப்படும் சிதறுதுப்பாக்கிகளின் வளர்ச்சியில் இவரது பங்கு முதன்மையானது.

== இளமை ==
பிரௌனிங் யூட்டா ஆட்சிப்பகுதியின் ஆக்டன் நகரில் பிறந்தார். இவரது தந்தை ஜோனத்தன் பிரௌனிங் துப்பாக்கி செய்யும் தொழிலாளி. தந்தையின் பட்டறையிலேயே தொழில் கற்ற இவர், 1879 இல் ஒற்றைத் தோட்டா ரைபிள் ஒன்றுக்குத் தம் முதல் காப்புரிமையைப் பெற்றார்.

== வின்செஸ்டர் நிறுவனத்துடன் ==
1883 இல் வின்செஸ்டர் நிறுவனம் அந்த ரைபிளின் உரிமையை 8,000 டாலருக்கு வாங்கியது. அடுத்த ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இவருடைய வடிவமைப்புக்கள் அந்நிறுவனத்துக்கே சென்றன. நெம்புகோலால் இயங்கும் 1887 மாதிரி, முன்பிடியை இழுத்துத் தள்ளி இயக்கும் 1893, 1897 மாதிரிகள் ஆகிய சிதறுதுப்பாக்கிகள் இவற்றுள் அடங்கும். இவை யாவும் வின்செஸ்டர் பெயரிலேயே விற்பனையாயின. நிறுவனம் வாங்கிய வடிவமைப்புக்கள் பல உற்பத்திக்கு வரவே இல்லை.

== தானியங்கிச் சிதறுதுப்பாக்கி ==
1900 இல் பிரௌனிங் தானாகவே மறுதோட்டா ஏற்றும் சிதறுதுப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். சுடும்போது குழலும் போல்ட்டும் ஒன்றாகப் பின்னோக்கி நகரும். பின்னர் குழல் மட்டும் முன்செல்ல, வெற்றுத் தோட்டாக்கூடு வெளியேறும். இறுதியாக போல்ட் முன்வந்து புதிய தோட்டாவை ஏற்றும்.

இம்முறை ஒரே தொகைக்கு விற்க மறுத்து, விற்பனைக்கேற்ற உரிமத்தொகையை அவர் கேட்டார். வின்செஸ்டர் இதற்கு இணங்காததால் 1902 இல் உறவு முறிந்தது. அடுத்து ரெமிங்டன் நிறுவனத்தை நாடினார். ஆயினும் அதன் தலைவர் மார்செலஸ் ஹார்ட்லி, இவரைச் சந்திக்கவிருந்த நாளிலேயே இறந்துபோனார். எனவே பிரௌனிங் பெல்ஜியம் சென்று எஃப்.என். நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டார். 1903 முதல் அங்கு உற்பத்தியான இத்துப்பாக்கி பின்னர் ஆட்டோ-5 எனப் பெயர் பெற்றது. ரெமிங்டனும் 1905 முதல் உரிமம் பெற்று அதனை 11 ஆம் மாதிரியாகத் தயாரித்தது.

வின்செஸ்டர் 1911 இல் தன் சொந்தத் தானியங்கித் துப்பாக்கியை வெளியிட்டது. பிரௌனிங்கின் காப்புரிமையைத் தவிர்க்கும் பொருட்டு போல்ட் கைப்பிடி நீக்கப்பட்டது. குழலையே பிடித்துப் பின்தள்ள வேண்டியிருந்ததால் விபத்துக்கள் நேர்ந்தன. அதன் உற்பத்தி 1925 இல் நின்றது.

== மறைவு ==
இரட்டைக் குழல்கள் மேலும் கீழுமாக அமைந்த சூப்பர்போஸ்ட் துப்பாக்கியில் பணியாற்றி வந்த காலத்தில், எஃப்.என். தொழிற்சாலையில் மாரடைப்பால் காலமானார். அதன் பணியை மகன் வால் பிரௌனிங் தொடர்ந்தார்.

== ஆய்வில் இவரது இடம் ==
பிரௌனிங்கின் துப்பாக்கிகள் பல நிறுவனங்களின் பெயர்களில் வெளிவந்தமையால், அவற்றின் உற்பத்தி வரலாற்றை அறியப் பழைய விற்பனைப் பட்டியல்களைக் காப்புரிமை ஆவணங்களுடனும் வரிசை எண்களுடனும் ஒப்பிட வேண்டியுள்ளது. எஃப்.என்., ரெமிங்டன், சாவேஜ் ஆகிய மூன்று நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் விற்ற துப்பாக்கிகளின் மூலம் ஒரே வடிவமைப்பு என்பது இவ்வாறான ஒப்பீட்டில் தெளிவாகும். ஆக்டன் நகரில் இவர் பெயரில் துப்பாக்கி அருங்காட்சியகம் ஒன்று உள்ளது.