கணக்கறிந்த துறவி ஜே. சி. குமரப்பா

தஞ்சை மாநகர் இசைக்கும் சிற்பத்திற்கும் தாயகம் என்பதை அனைவரும் அறிவர். இந்திய நாட்டுப் பொருளியற் சிந்தனைக்கும் அது ஒரு மகனைத் தந்தது என்பதை நம் இளைஞரிற் பலர் அறியார். பெங்களூரில் குடியேறி வாழும் நம் குடும்பங்களிற் பெரும்பாலானவை ஆலையையோ, பட்டறையையோ, அலுவலகத்தையோ நம்பி வாழ்பவை. அங்கெல்லாம் ஒருவர் ஒரு சிறு வேலையை மட்டுமே நாள்தோறும் செய்கிறோம். இவ்வாறு தொழிலைப் பகுத்துக் கொள்வதால் விளையும் நன்மை யாது, அதற்கு எல்லை யாது என்று வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த பெரியாரின் வரலாறு நம் சங்க மலரில் இடம்பெறுதல் தகுமென எண்ணி இதனை எழுதலானேன்.

1892 ஜனவரி 4ஆம் நாள் தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இயற்பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தையார் பொதுப்பணித் துறை அலுவலர். சென்னையிற் கற்று, பின்பு லண்டன் சென்று கணக்காய்வுத் தொழிலில் தேர்ச்சி பெற்றார். அன்னையாரின் அழைப்பை மறுக்க இயலாமல் 1919இல் தாயகம் திரும்பிப் பம்பாயில் கணக்காய்வாளராக அமர்ந்தார். மேனாட்டு உடையும் உயர்ந்த வருவாயுமாக வாழ்ந்தவரின் போக்கைத் திருப்பியது அமெரிக்கப் பயணம். சிரக்யூஸ் பல்கலைக் கழகத்தில் 1928இல் வணிக நிர்வாகப் பட்டம் பெற்று, நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் பொது நிதியியல் பயின்றார். இந்தியா ஏன் வறுமையுற்றது என்னும் வினாவுக்கு ஆங்கில அரசின் வரவு செலவுக் கணக்கிலேயே விடை தேடினார். தேடத் தேட, தாம் அதுகாறும் மதித்துப் போற்றிய ஆட்சியின் மீது கொண்டிருந்த மதிப்புக் குறைந்தது.

அவ்வாராய்ச்சியைக் கையிலேந்தி 1929 மே 9ஆம் நாள் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியடிகளைக் காணச் சென்றார். சாணமிட்டு மெழுகிய தரையில், மரத்தடியில் அமர்ந்து நூற்றுக் கொண்டிருந்த முதியவரை யாரென்று அவர் முதலில் அறியவில்லை. அறிந்தபின், தூய மேனாட்டுக் காற்சட்டையைப் பொருட்படுத்தாமல் தரையிலேயே அமர்ந்து உரையாடினார். அவ்வாண்டே கொர்னேலியஸ் என்பதை விடுத்துக் குமரப்பா என்னும் குடும்பப் பழம்பெயரை மேற்கொண்டார். குஜராத்தில் மாதர் தாலுகாவின் ஐம்பதுக்கும் மேற்பட்ட சிற்றூர்களில் மாணவர் துணையுடன் வீடு வீடாகச் சென்று வரவையும் செலவையும் கணக்கெடுத்தார். 1934ஆம் ஆண்டுப் பீகார் நிலநடுக்கத் துயர்நீக்கும் பணியில் நிதிப் பொறுப்பேற்றபோது, காந்தியடிகளுடன் வந்த குழுவினரின் செலவைக்கூட அந்நிதியிலிருந்து தர மறுத்தார் என்பர். கணக்கு எழுதும் தொழிலில் உள்ள நமக்கு இந்நிகழ்ச்சி தனியே இனிக்கும்.

அவ்வாண்டில் அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கம் தோன்றியது. அதன் செயலாளராக வார்தாவில் மகன்வாடியில் அவர் குடியேறினார். செக்கு, கைக்காகிதம், தேனீ வளர்ப்பு, கைக்குத்தல் அரிசி, பனைவெல்லம் முதலியவற்றைச் செப்பனிடும் ஆய்வுக்கூடமாக அவ்விடம் விளங்கிற்று. தொழிற்பகுப்பைப் பற்றிய அவருடைய கருத்து முதிர்ந்ததும் அங்கேதான்.

ஸ்காட்லாந்து நாட்டறிஞர் ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட நூலில் குண்டூசிப் பட்டறை ஒன்றை எடுத்துக்காட்டினார். கம்பி இழுப்பவர் ஒருவர், வெட்டுபவர் ஒருவர், கூராக்குபவர் ஒருவர் என வேலையைப் பதினெட்டுக் கூறாக்கினால், பத்துப் பேர் ஒரு நாளில் 48,000 ஊசிகள் செய்யலாம். தனித்தனியே முயன்றால் ஒருவர் இருபதுகூடச் செய்ய இயலாது. கை பழகுகிறது, வேலை மாற்றுவதில் வீணாகும் நேரம் மிஞ்சுகிறது, எந்திரம் அமைக்க வழி பிறக்கிறது. சந்தை எவ்வளவு பரந்ததோ அவ்வளவுக்கே தொழிலைப் பகுக்க முடியும் என்ற எல்லையையும் ஸ்மித் கூறினார். ஒரே செயலைச் செய்பவனின் அறிவு மழுங்கும் என்று அதே நூலின் பிற்பகுதியில் அவரே அஞ்சியதைப் பலர் படிப்பதில்லை.

குமரப்பா பகுப்பை முற்றும் வெறுத்தவர் அல்லர். ஒருவர் நெய்ய, வீட்டார் தார் சுற்ற, வேறொருவர் சாயம் தோய்ப்பதை எவர் குறை கூறுவர்? உழைப்பில் இரண்டு கூறுகள் உள்ளன என்று அவர் விளக்கினார். ஒன்று அலுப்பூட்டும் பழக்க வேலை. மற்றொன்று சிந்தித்து, தீர்மானித்து, செய்து முடித்தபின் மகிழும் பகுதி. உடலுக்கு உணவு எவ்வாறோ உள்ளத்துக்கு உழைப்பு அவ்வாறு என்பது அவர் கொள்கை. அளவு மீறிப் பகுக்கும்போது மகிழ்ச்சிப் பகுதி ஒரு சிலரிடம் சென்று சேர்கிறது, அலுப்புப் பகுதி பலர் தலையில் விழுகிறது. உமியை ஒருவனுக்கும் அரிசியை மற்றவனுக்கும் அளப்பது போன்றதே இது. ஆலை முதலாளியின் ஐந்தொகையில் இந்நட்டம் எந்தப் பத்தியிலும் ஏறாது. மேலும், குவியும் சரக்குக்குச் சந்தை தேடி அயல்நாடுகளுக்குச் செல்ல நேரும். சந்தையைக் காக்கப் படை வேண்டும். முடிவு போர் என்று அவர் கணக்கிட்டார். போர்க்கால அரசின் நிதிமுறையைக் கண்டித்தெழுதிச் சிறை சென்ற அவர், ஜபல்பூர்ச் சிறையில் எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில் இயற்கையையே சான்று காட்டுகிறார். மாந்தோப்பில் புகுந்து பறிக்கும் குரங்கின் வாழ்வு ஒருவகை; கூட்டுக்காக உழைக்கும் தேனீயின் வாழ்வு வேறுவகை. தேனீக்களும் வேலையைப் பகுத்துக் கொள்கின்றன என்பது கருதத்தக்கது.

இனி யான் துணிந்து கூறவேண்டியதும் உண்டு. இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரிபவன் யான். தண்டவாளம் காப்பவர், வண்டி ஓட்டுபவர், கைகாட்டி இயக்குபவர் ஆகியோர் தத்தம் வேலையைத் தனித்தனியே செய்யாவிடில் வண்டி ஒரு கல் தொலைவும் நகராது. இத்தகைய பெருந்தொழில்களின் தேவையைக் குமரப்பாவும் உணர்ந்தே இருந்தார். மருந்துப் பேழையில் பெயரெழுதி வைக்கும் நஞ்சைப்போல அவற்றை எச்சரிக்கையாகக் கையாள வேண்டும் என்றார். யான் எழுதும் பதிவேட்டில் ஒரு வண்டி வெறும் எண். அது எதை ஏற்றி எவ்வூருக்குச் சென்றது என்பதை அறிந்தவர் வேறொருவர். மாலையில் வீடு திரும்பும்போது அவர் கூறிய இரண்டாம் கூறு நினைவுக்கு வருவதுண்டு.

அவருடைய கிராமத்திலும் ஒரு குறை இருந்தது. அங்கே தொழிலைப் பகுத்தது பிறப்பு. சாதி என்பது தொழிலைப் பகுப்பதோடு நில்லாமல் தொழிலாளரையே பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936இல் எடுத்துக்காட்டினார். செக்காட்டுபவரின் மகன் செக்காட்டியே தீரவேண்டுமெனில் அவனுக்கு ஏது தீர்மானமும் மகிழ்ச்சியும்? இவ்விடத்தில் குமரப்பாவின் எழுத்து எனக்கு முழு நிறைவு தரவில்லை. நம் பெற்றோர் பலர் ஊரைவிட்டு இந்நகருக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணமன்றோ?

செக்கு ஆலையிடம் தோற்றது. இன்று நம் காலனிக் கடைகளில் மரச்செக்கு எண்ணெய் என்ற பெயருடன் ஆலை எண்ணெயைவிட மிகுந்த விலைக்கு விற்கிறார்கள். ஆட்டுவது பெரும்பாலும் மின்சாரம். இதைக் கண்டால் அவர் சினந்திருப்பாரோ, சிரித்திருப்பாரோ! அவர் கருத்தோ அழியவில்லை. ஷூமாக்கர் என்னும் பொருளியலார் 1973இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், உழைப்பின் இயல்பை விளக்கக் குமரப்பாவையே துணைக்கு அழைத்தார்.

விடுதலைக்குப்பின் நிலச்சீர்திருத்தம் பற்றி ஆராயக் காங்கிரஸ் அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கி 1949இல் அறிக்கை தந்தார். பதவி எதனையும் நாடினாரில்லை, மணமும் புரிந்தாரில்லை. உடல்நலம் குன்றியபின் மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் சிறு குடில் ஒன்றில் தங்கினார். அக்குடிலின் சுவரில் காந்தியடிகளின் படமும் ஏழை உழவர் ஒருவரின் படமும் இருந்தன. வருவோர் வினவினால், முதற்படத்தில் இருப்பவரைத் தம் ஆசான் என்றும், மற்றவரை அவ்வாசானுக்கு ஆசான் என்றும் அறிமுகம் செய்வாராம். 1960 ஜனவரி 30ஆம் நாள், காந்தியடிகளின் நினைவு நாளன்றே, சென்னையில் அவர் உயிர் பிரிந்தது.