பட்டு வியாபாரி டு சைக்கிள் பயணி: மேட்டில் இறங்காமல் ஏறக் கற்றுக்கொடுத்த வெலோசியோ!

கோபிசெட்டிபாளையத்திலிருந்து கொடிவேரி பக்கம் சைக்கிள் மிதிச்சிருக்கீங்களா? வாய்க்கால் தண்ணி, நெல் வயல், தென்னந்தோப்புன்னு பாதை முழுக்க சமதளம். மூச்சே வாங்காது. அதே சைக்கிளை பண்ணாரி தாண்டி திம்பம் மலைப்பாதையில் ஏத்திப் பாருங்க. மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். கியர் இல்லாத சைக்கிள்னா, ரெண்டாவது வளைவுக்குள்ள இறங்கித் தள்ள வேண்டியதுதான்!

அந்த மேட்டை கியர் சைக்கிளில் உட்கார்ந்தபடியே ஏறுகிற ஒவ்வொருவரும் ஒரு பிரெஞ்சுக்காரருக்குக் கடன்பட்டிருக்கிறோம். அவர் பெயர் பால் தெ விவி. சைக்கிள் உலகம் அவரை 'வெலோசியோ' என்ற புனைபெயரில்தான் கொண்டாடுகிறது. அவர் இன்ஜினீயர் இல்லை, பந்தய வீரரும் இல்லை. பட்டு வியாபாரி! மல்பெரி நட்டு, பட்டுப்புழு வளர்த்துப் பிழைக்கிற குடும்பங்கள் நிறைய இருக்கிற கோபிக்காரர்களுக்கு, இந்தக் கதை கொஞ்சம் கூடுதல் நெருக்கம்.

28 வயதில் முதல் சைக்கிள்

1853 ஏப்ரலில், தெற்கு பிரான்ஸின் பெர்ன் என்ற சிற்றூரில் பிறந்தார் பால். திராட்சைத் தோட்டம், ஆலிவ் மரம், செர்ரி மரம் சூழ்ந்த பூமி. பக்கத்திலேயே 1,900 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் மோன் வான்டு மலை. வளர்ந்ததும் பட்டு வியாபாரத்தில் இறங்கினார். பட்டு ரிப்பன் நெசவுக்குப் பேர்போன செயின்ட் எத்தியென் நகரம்தான் அவருடைய தொழில் களம். படித்தவர், வசதியானவர். வாழ்க்கை நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தது.

1881-ல், 28 வயதில், ஒரு சைக்கிள் வாங்கினார். முன்சக்கரம் ஆள் உயரத்துக்கும், பின்சக்கரம் குட்டியாகவும் இருக்குமே, அந்தக் காலத்து வண்டி. ஆறு மணி நேரத்தில் 100 கிலோமீட்டர் போக முடியுமா என்று தெரிந்தவர் ஒருவர் பந்தயம் கட்ட, இவர் மலைப்பக்கமாக வண்டியைத் திருப்பினார் என்று சொல்வார்கள். அந்தப் பயணத்தில் காடும் மலையும் காற்றும் ஆளைப் பிடித்துக்கொண்டன. அடுத்த சில வருடங்களில் பட்டு வியாபாரத்தையே கைவிட்டுவிட்டார்!

1887-ல் செயின்ட் எத்தியெனில் சைக்கிள் கடை போட்டார். அதே வருடம் ஒரு பத்திரிகையும் ஆரம்பித்தார். 'லெ சிக்லிஸ்த்' என்ற பெயரில் பிரபலமான அந்தப் பத்திரிகைதான் அவருக்கு மேடை. எந்தப் பாதையில் போனேன், எங்கே மேடு, எங்கே நல்ல தண்ணி கிடைக்கும், வண்டியில் என்ன கோளாறு வந்தது என்று ஒன்றுவிடாமல் எழுதினார். இன்னைக்கு டிராவல் விலாகர்கள் செய்கிற வேலையை, 130 வருடங்களுக்கு முன்பே செய்தவர்.

காட்டில் ஏறி, திராட்சைத் தோட்டத்தில் இறங்கி...

அவருக்குப் பிடித்த பாதை ஊர் வாசலிலேயே தொடங்கியது. செயின்ட் எத்தியெனைத் தாண்டினால் பிலா மலைத்தொடர். சுமார் 13 கிலோமீட்டர் ஏற்றம், இருபுறமும் அடர்ந்த ஊசியிலைக் காடு. 1,161 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாய். அந்தப் பக்கம் இறங்கினால் பழத்தோட்டங்கள், ரோன் ஆறு, ஆற்றங்கரைச் சரிவுகளில் வரிசை வரிசையாகத் திராட்சைத் தோட்டங்கள். ஆற்றை ஒட்டியே தெற்கே போனால், 200 கிலோமீட்டருக்கு மேல் கடந்து அவர் பிறந்த மண் வந்துவிடும். ஈஸ்டர் விடுமுறையானால் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு தெற்கே கிளம்பிவிடுவார். ராத்திரியிலும் நிற்காமல் மிதிப்பது அவருக்குச் சர்வசாதாரணம்.

ஆனால், ஒரு சிக்கல். அன்றைய சைக்கிளில் ஒரே ஒரு கியர்தான். சமதளத்துக்கு ஏற்றபடி வைத்தால், மேட்டில் கால் பிதுங்கும். மேட்டுக்கு ஏற்றபடி வைத்தால், சமதளத்தில் கால் வேகமாகச் சுற்றுமே தவிர வண்டி நகராது. வெலோசியோ யோசித்தார். பெடல் பக்கம் பெரிதும் சிறிதுமாக இரண்டு பல்சக்கரங்களைப் பொருத்தினார். மேடு வந்தால் இறங்கி, கையாலேயே செயினைத் தூக்கிச் சின்ன சக்கரத்தில் மாட்டுவது. கையெல்லாம் கிரீஸ்தான், ஆனால் வேலை நடந்தது. பிறகு நான்கு வேகம், அதன்பின் ஓடிக்கொண்டிருக்கும்போதே செயினை நகர்த்தும் அமைப்பு என ஆராய்ச்சி நீண்டது. இந்த முயற்சியில் வேறு பலரும் இருந்தார்கள். ஆனால், ஒவ்வொன்றையும் தானே மலையில் ஓட்டிப் பார்த்து, நிறைகுறைகளை விடாமல் எழுதியவர் இவர்.

கியர் வெச்சா கேவலமா?

இப்போது கேட்கவே வேடிக்கையாக இருக்கும். அன்றைக்கு கியர் வைத்துக்கொள்வது மானப் பிரச்னை! அசல் ஆம்பளைன்னா ஒரே கியரில் ஏறணும் என்பதுதான் பந்தயக்காரர்களின் நினைப்பு. அதில் முதன்மையானவர், 1903-ல் டூர் டி பிரான்ஸ் போட்டியைத் தொடங்கிய ஆன்ரி தெக்ரான்ஜ்.

அந்தப் போட்டி பிறப்பதற்கு முந்தைய வருடமே ஒரு பரீட்சை நடந்தது. 1902-ல், பிரான்ஸின் டூரிங் கிளப், 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மாலே கணவாய் வழியாக ஒரு சோதனை ஓட்டம் நடத்தியது. அதில் மார்த் எஸ் என்ற பெண், வெலோசியோவின் கடைத் தயாரிப்பான 'கோலுவாஸ்' சைக்கிளில் வந்தார். அதில் மூன்று கியர். பாதை முழுக்க ஓர் இடத்தில்கூட அவர் காலைத் தரையில் ஊன்றவில்லை! தெக்ரான்ஜ் மசிந்தாரா? கியரெல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்கு என்று எழுதி முடித்துக்கொண்டார். வெலோசியோவுக்கு அப்போது 49 வயது.

அவரும் இவரும் பேசியது வேறு வேறு விஷயம். தெக்ரான்ஜுக்கு மலை என்பது பலசாலிகளை வடிகட்டும் சல்லடை. வெலோசியோவுக்கு அது எல்லாருக்கும் பொதுவான இடம். ஐம்பது வயதுக்காரர், பெண்கள், ஆபீஸ் போய் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர் என எல்லாரும் அந்தக் காட்டைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தார். அதற்கு உதவினால் அந்தக் கருவி நல்ல கருவி. அவ்வளவுதான் அவர் கணக்கு.

திராட்சை தேசத்தில் ஒயினுக்கு 'நோ'!

நீண்ட பயணம் போகிறவர்களுக்கு அவர் வகுத்த ஏழு விதிகள் இன்றும் பிரபலம். அடிக்கடி நிற்காதீர்கள், நின்றாலும் சுருக்கமாக நில்லுங்கள். பசிக்கும் முன் சாப்பிடுங்கள், தாகம் எடுக்கும் முன் குடியுங்கள். சாப்பாடும் தூக்கமும் பிடிக்காமல் போகிற அளவுக்குக் களைத்துப்போகாதீர்கள். குளிரும் முன் போர்த்திக்கொள்ளுங்கள், வியர்க்கும் முன் கழற்றிவிடுங்கள். பயணம் முடியும்வரையாவது ஒயின், இறைச்சி, புகையிலை வேண்டாம். உடம்பை வற்புறுத்தாதீர்கள். கடைசியாக, வீம்புக்காக மிதிக்காதீர்கள்.

உலகமே குடிக்க ஆசைப்படுகிற ஒயின் விளையும் ரோன் கரையில் மிதித்துக்கொண்டே, ஒயினைத் தொடாதீங்கன்னு சொல்ல ஒரு தைரியம் வேணும்தானே! அவரே சைவ உணவுக்காரர்.

சாலையில் முடிந்த பயணம்

1922 முதல் அவர் பெயரில் ஆண்டுதோறும் 'வெலோசியோ நாள்' நடக்கத் தொடங்கியது. வயதானவர்களும் குழந்தைகளும் சேர்ந்து அதே கணவாய்க்குச் சைக்கிளில் ஏறினார்கள். தன் காலத்திலேயே அதைப் பார்க்கும் பாக்கியம் அவருக்குக் கிடைத்தது.

1930-ன் தொடக்கத்தில், செயின்ட் எத்தியெனில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தார். எதிரே வந்த காருக்காகப் பின்வாங்கியபோது, டிராம் வண்டி மோதியது. 76 வயதில் மரணம். ராத்திரி பகலாக மலைகளை ஏறி இறங்கியவர், சொந்த ஊர் வீதியில், வண்டியை மிதிக்காமல் தள்ளிக்கொண்டு போகும்போது போய்விட்டார்.

டூர் டி பிரான்ஸ் வீரர்களுக்குச் செயின் மாற்றும் கியர் அனுமதிக்கப்பட்டது 1937-ல். அதற்கு ஏழு வருடம் முன்பே வெலோசியோ கண்மூடிவிட்டார்.

இன்று நம்ம பக்கமும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிள் குழுக்கள் கிளம்புகின்றன. எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு வேகம் என ஸ்ட்ராவாவில் போட்டி நடக்கிறது. பின்னால் மூச்சு வாங்கியபடி வருகிறவரைக் கேலி செய்யும் வழக்கமும் இருக்கிறது. அவருடைய ஏழாவது விதி நமக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

திம்பம் போக ஆசையா? அது புலிகள் காப்பகத்துக்குள் போகிற பாதை. லாரியும் வரும், யானையும் வரும். வனத்துறை விதிமுறைகளைக் கேட்டுக்கொண்டு, பகலில், கூட்டமாகப் போங்க. இல்லைன்னா கொடிவேரி பக்கமே போதும். சின்ன கியரைப் போட்டுக்கிட்டு, வீட்டுப் பெரியவங்களையும் கூட்டிக்கிட்டு, மெதுவா மிதிங்க. கையில் தண்ணி பாட்டில் இருக்கட்டும், தாகம் எடுக்கிறதுக்கு முன்னாடியே ஒரு வாய் குடிச்சுக்கோங்க!