சாமுவேல் ஹாக்கன்

அமெரிக்காவின் மேரிலாந்து மாகாணத்து ஹேகர்ஸ்டவுன் என்னும் ஊரில் 1792-ஆம் ஆண்டிற் பிறந்தவர் சாமுவேல் ஹாக்கன். துப்பாக்கி செய்தல் இவர்க்குத் தந்தைவழித் தொழில். செயின்ட் லூயிஸ் நகரிற் பட்டறை வைத்திருந்த தமையனார் ஜேக்கப்புடன் 1825 முதற் கூட்டாயினார்.

பீவர் என்னும் விலங்கின் தோலை நாடி ராக்கி மலைக்குச் செல்வோர் அந்நகரினின்றே புறப்படுவர். பழைய கென்டக்கித் துப்பாக்கி பித்தளை வேலைப்பாட்டாற் பொலிவதே. எனினும் அதன் நெடுங்குழல் குதிரைமேல் இடர் விளைக்கும். சிறுகுண்டு கரடிக்குப் போதாது. சகோதரரோ குழலைக் குறுக்கி, எண்பட்டையாகத் தடிப்பித்து, ஏறக்குறைய அரையங்குலக் குண்டுக்கு அமைத்தனர். வாய்வழியே மருந்திட்டுத் துணி சுற்றிய ஈயக்குண்டைக் கோலால் உட்செலுத்தல் வேண்டும். அலங்காரம் மிகச் சிறிது; நமக்கோ அதுவே அழகாய்த் தோன்றுகின்றது.

1849-இல் வாந்திபேதி நகரைப் பாழ்படுத்திற்று, ஜேக்கப் மாண்டார். அதன்பின் குழல்மேல் இருவர் பெயர் நீங்கிச் சாமுவேல் பெயரே பொறிக்கப்பட்டது. பழந்துப்பாக்கி சேகரிப்போர் முதலில் நோக்குவது இம்முத்திரையையே. போலிகளும் உளவாதலின் பூட்டு, கட்டை, குழல் அனைத்தையும் ஒப்பிட்டே துணிவர். தமையன் மரணத்தைக்கொண்டு துப்பாக்கியின் காலத்தைக் கணிக்கின்றனர் என்றெண்ணுங்கால் நம் மனம் சிறிது கலங்குகின்றது.

அறுபது கடந்த முதுமையில், 1859-இற் சாமுவேல் கொலராடோ சென்று, டென்வரிற் பட்டறை வைத்து, சில ஆண்டில் மீண்டார். 1884-இல், தொண்ணூறு கடந்து மறைந்தார். கெம்மர் என்பார் வாங்கி நடத்திய செயின்ட் லூயிஸ் பட்டறை 1915-இல் மூடப்பட்டது.